மேரி செஸ்னட்டின் கையெழுத்துப் படிகளைத் தேடிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தென்மாநிலத்துப் பெண் ஒருவரின் கண் வழியே பார்க்க விரும்பும் எவரும் மேரி பாய்கின் செஸ்னட் (1823–1886) எழுதிய நாட்குறிப்பில்தான் வந்து நிற்பார்கள். அவருடைய தாள்கள் சவுத் கரோலைனா மாநிலத் தலைநகர் கொலம்பியாவில், சவுத் கரோலைனா பல்கலைக்கழகத்தின் சவுத் கரோலினியானா நூலகத்தில் இருக்கின்றன. ஆங்கில இலக்கியத்திலோ வரலாற்றிலோ ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் அங்கே போகத் திட்டமிடும்போது, யாரும் சொல்லித் தராததால் நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலேயே வசிப்பவர்கள் விசா பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்லலாம். மற்றவை உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் வரியை அவர் போர் நடந்த காலத்தில் எழுதினாரா, இருபது ஆண்டுகள் கழித்து எழுதினாரா என்பதற்கு விடை தெரியாமல் அந்த வரியைப் பயன்படுத்தக் கூடாது. கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அந்த விடையைத் தேடித்தான் போகின்றன.

1. எந்தப் படி எப்போது எழுதப்பட்டது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே நாட்குறிப்பு என்று நாம் பேசுவது உண்மையில் பல அடுக்குகளைக் கொண்டது. போர்க்காலத்தில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகளில் 1861 பிப்ரவரி முதல் டிசம்பர் வரையிலான பகுதியும், 1865-இல் சில மாதங்களுக்கான பகுதியும் மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கின்றன. 1870-களில் அவற்றைத் திருத்தி எழுத முயன்று பாதியில் விட்டார். பிறகு 1881 முதல் 1884 வரை, முழுவதையும் உரையாடல்களோடும் காட்சிகளோடும் விரித்து, ஆனால் நாட்குறிப்பின் வடிவத்தையும் தேதிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மீண்டும் எழுதினார். உலகம் படித்துப் பாராட்டியது பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்கைத்தான்.

அச்சில் வந்த முக்கியப் பதிப்புகள் நான்கையும் இந்த அடுக்குகளோடு பொருத்திப் பாருங்கள். 1905-இல் இசபெல்லா மார்ட்டினும் மைர்டா லாக்கெட் ஆவரியும் வெளியிட்டது, 1880-களின் படியைப் பெருமளவு வெட்டிச் சுருக்கிப் போர்க்கால நாட்குறிப்பு என்ற தோற்றத்தில் தந்தது. 1949-இல் நாவலாசிரியர் பென் ஏம்ஸ் வில்லியம்ஸ் வெளியிட்டது அதைவிடப் பெரியது. ஆனால் சரளமான வாசிப்புக்காக அவர் மேரியின் சொற்களில் கைவைத்தார். 1981-இல் வரலாற்றாசிரியர் சி. வான் உட்வர்ட் யேல் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாகக் கொண்டுவந்த பதிப்பு, 1880-களின் படியை முழுமையாகத் தந்து, 1860-களின் மூலக் குறிப்புகளிலிருந்து தேர்ந்த பகுதிகளைத் தனிக் குறிகளுக்குள் சேர்த்துக் காட்டியது. அதற்கு 1982-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1984-இல் உட்வர்டும் எலிசபெத் முலன்ஃபெல்டும் சேர்ந்து மூலக் குறிப்புகளை மட்டும் தனி நூலாக வெளியிட்டார்கள்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான்: இணையத்தில் இலவசமாக உடனே கிடைப்பது 1905 பதிப்பு. அதிலிருந்து ஒரு வரியை எடுத்து "1863-இல் மேரி செஸ்னட் எழுதினார்" என்று ஆய்வேட்டில் சேர்த்துவிட்டால், விவரம் தெரிந்த தேர்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். 1862, 1863, 1864 ஆகிய ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலக் குறிப்பே நம் கையில் இல்லை. எனவே அந்த ஆண்டுகளைப் பற்றி நீங்கள் படிப்பது 1880-களின் மேரி, 1860-களின் மேரியை எழுதிக் காட்டுவது. இதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. என் மதிப்பீட்டில் அந்த மறுஎழுத்துதான் அவரைப் பெரிய எழுத்தாளராக ஆக்கியது. ஆனால் சான்றாகப் பயன்படுத்தும்போது அதை அப்படியே பெயர் சொல்லிப் பயன்படுத்த வேண்டும்.

பயணத்துக்கு முன் ஒரு பயிற்சி செய்யுங்கள். 1861 மார்ச் 18 தேதியிட்ட பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைமுறை ஒரு நாட்டுக்குச் சாபம் என்று நினைப்பது பாவமாகுமா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளும் பதிவு அது. எஜமானர்கள் தம் சொந்த மனைவியரோடும் அடிமைப் பெண்களோடும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதையும், அந்தப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் முகச்சாயலையும் பற்றி அவர் சினந்து எழுதும் இடமும் அதுவே. 1905, 1981, 1984 ஆகிய மூன்று பதிப்புகளையும் மேசையில் விரித்து வைத்து, வாக்கியம் வாக்கியமாக அடிக்கோடிட்டு ஒப்பிடுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், எந்தச் சொல் எங்கே நகர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கொலம்பியாவில் எந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2. தொகுப்பைச் சரியான பெயரில் தேடுங்கள்

நூலகத்தில் இவருடைய தாள்கள் இவர் பெயரில் மட்டும் இல்லை. வில்லியம்ஸ்–செஸ்னட்–மேனிங் குடும்பங்களின் தாள்கள் என்ற பெரிய தொகுப்புக்குள் இருக்கின்றன. பிள்ளைகள் இல்லாத மேரியின் உடைமைகள் உறவினர் குடும்பங்களின் வழியாக வந்து சேர்ந்ததால் இந்தப் பெயர்.

எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை. செஸ்நட் மரத்துக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவில் ஒரு 'டி' (t) உண்டு. இந்தக் குடும்பப் பெயரில் அது கிடையாது. அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துத் தேடினால் உங்களுக்கு வேண்டியது வராமலே போகலாம். அதேசமயம் பழைய அட்டவணைகளில் சிலர் தவறுதலாக 'டி' சேர்த்தே பதிந்திருப்பார்கள் என்பதால், இரண்டு வகையிலும் தேடிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, 19-ஆம் நூற்றாண்டுப் பெண்களின் கடிதங்கள் கணவர் பெயரின் கீழ் அடங்கிக் கிடக்கும். 'திருமதி ஜேம்ஸ் செஸ்னட் ஜூனியர்' என்றும் தேடுங்கள். திருமணத்துக்கு முன் இவர் மேரி பாய்கின் மில்லர். தந்தை ஸ்டீபன் மில்லர் மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்தவர். ஆகவே மில்லர், பாய்கின் ஆகிய பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கடிதம் எழுதியவரிடம் இருக்காது, பெற்றவரிடம் இருக்கும் என்பதால், இவருடைய தோழிகளின் தொகுப்புகளும் முக்கியம். குறிப்பாக சேப்பல் ஹில் நகரில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் தென்மாநில வரலாற்றுத் தொகுப்பையும், டர்ஹம் நகரில் டியூக் பல்கலைக்கழகத்தின் ரூபன்ஸ்டைன் நூலகத்தையும் அட்டவணை வழியாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

நாட்குறிப்போடு நின்றுவிட வேண்டாம். அவர் முடிக்காமல் விட்ட இரண்டு நாவல்கள் 2002-இல் முலன்ஃபெல்டின் பதிப்பில் அச்சாகியுள்ளன. இலக்கியத் துறையிலிருந்து செல்பவர்களுக்கு இவை பொன் போன்றவை. கதை சொல்லக் கை பழகியபின் அவர் நாட்குறிப்புக்குத் திரும்பியது எப்படி என்பதை இவற்றில்தான் காண முடியும்.

3. வீட்டிலிருந்தே முடிக்கக்கூடியதை முடித்துவிடுங்கள்

1905 பதிப்பின் முழுப் பாடமும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் 'டாக்குமென்டிங் தி அமெரிக்கன் சவுத்' தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 1981, 1984 பதிப்புகளைப் பழைய புத்தகமாக வாங்குவது மலிவு. சொந்தப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ள முடியும் என்பதால் கடன் வாங்குவதைவிட இதையே பரிந்துரைப்பேன்.

பிறகு நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "மேரி செஸ்னட் பற்றி என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். உங்கள் பெயர், நிறுவனம், ஆய்வுத் தலைப்பு, தொகுப்பின் பெயர், விவரப்பட்டியலில் (எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நூலகம் தரும் பட்டியல்) உள்ள பெட்டி எண், கோப்புறை எண், நீங்கள் பார்க்க விரும்பும் தேதிகள், வரத் திட்டமிடும் வாரம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். மூலத் தாள்களையே தருவார்களா, நுண்படச் சுருளையோ ஸ்கேனையோ தருவார்களா? பெட்டிகள் வேறு கிடங்கில் உள்ளனவா, அங்கிருந்து வர எத்தனை நாள் ஆகும்? குறிப்பிட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பக் கட்டணம் எவ்வளவு? புகழ்பெற்ற, நைந்துபோகக்கூடிய கையெழுத்துப் படிகளுக்கு நுண்படமோ ஸ்கேனோதான் தரப்படும் என்பது பல காப்பகங்களின் வழக்கம். இதை அங்கே போய்ச் சேர்ந்தபின் தெரிந்துகொள்வது மிகவும் செலவு பிடிக்கும் ஏமாற்றம்.

உங்களுக்குத் தேவை இருபது முப்பது பக்கங்கள்தான் என்றால், ஸ்கேன் கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருங்கள். பயணம் தேவைப்படுவது மையின் நிறம், அழித்த தடம், தாளின் ஓரம், இடையில் செருகிய துண்டு போன்றவற்றைக் கண்ணால் பார்த்தாக வேண்டியவர்களுக்கும், குடும்பக் கடிதங்களைப் பெட்டி பெட்டியாகப் புரட்ட வேண்டியவர்களுக்கும்தான்.

4. விசாவும் கடிதங்களும்

அமெரிக்காவில் யாரிடமும் ஊதியம் பெறாமல் சொந்த ஆய்வுக்காக ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவருக்குப் பொருந்துவது பி-1 விசா. அதற்கான விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. கூடுதல் கட்டணங்கள் அவ்வப்போது சேர்வதால் பணம் கட்டும் நாளில் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் ஒன்று உங்களை வருகைதரு ஆய்வாளராக அழைத்தால் ஜே-1 விசா. அதற்கு அவர்கள் டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுப் படிவம் அனுப்ப வேண்டும், செவிஸ் (வெளிநாட்டு மாணவர், வருகையாளர் பதிவு முறை) கட்டணம் 220 டாலர் தனி. ஜே-1 விசாவில் செல்லும் சிலருக்கு, திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. கையெழுத்திடும் முன் அது உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆய்வு நெறியாளர் அல்லது துறைத் தலைவரின் கடிதம், நூலகத்தோடு நடந்த மின்னஞ்சல் பரிமாற்றத்தின் அச்சுப்படி, பல்கலைக்கழக அடையாள அட்டை, செலவை யார் ஏற்கிறார்கள் என்பதற்கான சான்று, விடுப்பு அனுமதி. நேர்முகத்தில் "எதற்காகப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு இரண்டே வாக்கியத்தில் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எந்த நூலகம், எந்தத் தொகுப்பு, எத்தனை வாரம், எப்போது திரும்புவது என்பதே போதும். நேர்முகத்துக்கான நாள் கிடைப்பதற்கே பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், விசா கைக்கு வரும்வரை மாற்ற முடியாத விமானச் சீட்டை வாங்காதீர்கள்.

5. எப்போது போவது, எங்கே தங்குவது

சென்னையிலிருந்து போய்த் திரும்பும் விமானக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாயை எளிதில் தாண்டும். கொலம்பியாவுக்கே விமான நிலையம் உண்டு. ஆனால் சார்லட் நகரில் இறங்கி, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சாலை வழியே செல்வது பலசமயம் மலிவாக இருக்கும். மே மாதப் பட்டமளிப்பு நாட்களிலும், இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி உள்ளூரில் விளையாடும் வார இறுதிகளிலும் விடுதிக் கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டே தேதியை முடிவு செய்யுங்கள்.

1840-இல் கட்டப்பட்ட நூலகக் கட்டடம் நீண்ட புதுப்பிப்புப் பணிக்குப் பின் 2023-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் வாசிப்பறை வேறு கட்டடத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். அரசு விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம், மாறும் வேலை நேரம் ஆகியவற்றை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வார வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குவதே பாதுகாப்பு.

செஸ்னட் குடும்பத்தின் மல்பெரி பண்ணை வீடு கேம்டன் அருகே, கொலம்பியாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அது தேசிய வரலாற்றுச் சின்னம் என்றாலும் தனியார் உடைமை. அனுமதியின்றி உள்ளே போக முடியாது.

6. வாசிப்பறையில் முதல் நாள்

கடவுச்சீட்டு போன்ற புகைப்பட அடையாளத்தோடு பதிவு செய்ய வேண்டும். பை, பேனா, தண்ணீர், உணவு எல்லாம் வெளியே லாக்கரில். பென்சில், மடிக்கணினி, கைப்பேசி உள்ளே. கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பெட்டி வரும். ஒரு நேரத்தில் ஒரு கோப்புறையை மட்டுமே திறந்து வைக்க வேண்டும். தாள்களின் வரிசை குலையாமல், எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

படம் எடுக்கும்போது ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்புறையின் தலைப்புத் தாளையும் பெட்டி எண் தெரியும்படி முதலில் படம் எடுத்துவிட்டு, அதன்பின் உள்ளே உள்ள பக்கங்களை எடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். எழுத்து எங்கே நின்றது என்பதும் தகவல்தான். அன்றிரவே எல்லாவற்றையும் கோப்புறை வாரியாகப் பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் பெயரில்லாத நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து ஒரு பக்கத்தின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது பெரும் துன்பம்.

7. எழுத்தைப் படிக்கப் பழகுதல்

சாய்வான கூட்டெழுத்துக்குக் கண் பழக இரண்டு நாள் ஆகும். அச்சில் வந்த ஒரு பக்கத்தையும் அதே பக்கத்தின் கையெழுத்துப் படியையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் விரைவான வழி. மேரி சில பகுதிகளைத் தாமே அழித்தும் அடித்தும் இருக்கிறார். அழித்த இடத்தில் நீங்கள் ஊகித்த சொல்லையும் தெளிவாகத் தெரிந்த சொல்லையும் உங்கள் குறிப்பேட்டில் வெவ்வேறு குறிகளால் பிரித்துக் காட்டுங்கள்.

ஆட்களின் பெயர்தான் பெரிய குழப்பம். மாமனாரும் கணவரும் இருவருமே ஜேம்ஸ் செஸ்னட். கணவர் 1860 நவம்பரில் செனட் பதவியைத் துறந்தவர். பின்னர் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸுக்கு உதவியாளராக இருந்தவர். மேரியின் நண்பர்களான பிரெஸ்டன் வீட்டுப் பெண் சாலியை எல்லோரும் 'பக்' என்றே அழைத்தார்கள். அவரை மணக்க விரும்பித் தென்மாநிலப் படைத் தளபதி ஜான் பெல் ஹூட் சுற்றிய கதை நாட்குறிப்பில் நெடுகிலும் வரும். 1981 பதிப்பின் அடிக்குறிப்புகளை வைத்து உறவுமுறைப் பட்டியல் ஒன்றை முன்பே எழுதிக்கொண்டு போங்கள்.

8. அவர் சொற்களில் மட்டுமே பேசுகிறவர்களையும் தேடுங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள். மேரியின் பணிப்பெண் மாலி, கணவரின் பணியாளர் லாரன்ஸ் போன்றோர் நாட்குறிப்பில் அடிக்கடி பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு எல்லாம் அவர்களை உடைமையாக வைத்திருந்த குடும்பத்துப் பெண், அதுவும் பெரும்பாலும் இருபது ஆண்டுகள் கழித்து, எழுதியது. அடிமைமுறையை வெறுத்த அதே பெண் அதன் உழைப்பில்தான் வாழ்ந்தார். அவருடைய சொற்களை மட்டும் வைத்து அந்த வீட்டைப் பற்றி எழுதுவது பாதி வீட்டைப் பற்றி எழுதுவதாகும்.

1850, 1860 ஆண்டுகளின் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்கள் ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்குத் தொடங்கினால் கட்டணமின்றிக் கிடைக்கும். கேம்டன் அடங்கிய கெர்ஷா மாவட்டத்துக்குரிய பக்கங்களைத் திறந்தால், உடைமையாளர் பெயரின் கீழே வயது, பால், நிறம் என்று வரிசை வரிசையாக எண்கள் இருக்கும். மனிதர்களின் பெயர்கள் இருக்காது. அந்தப் பக்கத்தின் முன் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால்தான் நாட்குறிப்பில் வரும் மாலி, லாரன்ஸ் என்ற பெயர்களின் எடை புரியும். தேடும்போது கணவரின் பெயரோடு நிறுத்தாதீர்கள்: பண்ணையும் அதன் ஆட்களும் 1866-இல் இறந்த மாமனாரின் கையில்தான் பெரும்பாலும் இருந்தன. விடுதலையான கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். விடுதலையான அடிமைகளுக்கு உதவ 1865-இல் தொடங்கிய அரசு அமைப்பான விடுதலையாளர் பணியகத்தின் உழைப்பு ஒப்பந்தங்களும் முறையீடுகளும் அதே தளத்தில் உள்ளன. குடும்பத் தாள்களில் உள்ள உயில், சொத்துப் பட்டியல், கணக்கேடு ஆகியவற்றில் வரும் முதற்பெயர்களை இவற்றோடு பொருத்திப் பாருங்கள். பொறுமை கேட்கும் வேலை. ஆனால் புதிதாக ஏதேனும் கண்டுபிடிக்க வாய்ப்புள்ள இடமும் இதுதான்.

9. உரிமையும் மேற்கோளும்

தாள் யாருடையது என்பதும் எழுத்தின் பதிப்புரிமை யாருடையது என்பதும் வெவ்வேறு. 1886-இல் இறந்தவரின் எழுத்து எல்லோருக்கும் பொது என்று நினைப்பது இயல்பு. 1905 பதிப்புக்கு அது பொருந்தும். இதுவரை அச்சேறாத பகுதிகளும் அமெரிக்கச் சட்டப்படி 2003 தொடக்கத்திலேயே பொதுவாகிவிட்டன. ஆனால் 1978-க்கும் 2002 இறுதிக்கும் இடையில் உரிமையாளர் அனுமதியோடு முதன்முதலாக அச்சான பழைய எழுத்துக்கு 2047 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. 1981, 1984 பதிப்புகளில் முதன்முறை வெளிவந்த பகுதிகள் அந்த இடைவெளிக்குள் வருகின்றன. இந்தியச் சட்டத்திலும், ஆசிரியர் இறந்தபின் வெளியான எழுத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு தொடர்கிறது.

ஆய்வேட்டில் சில வரிகளை மேற்கோள் காட்டுவதற்கு இது தடையில்லை. ஒரு முழுப் பகுதியைத் தமிழில் மொழிபெயர்த்து நூலாக்க விரும்பினால் பதிப்பகத்துக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், கட்டணமும் கேட்கலாம். பக்கத்தின் படத்தை அச்சிடுவதென்றால் நூலகத்தின் அனுமதி தனியாக வேண்டும். கொலம்பியாவில் இருக்கும்போதே அந்தப் படிவத்தை வாங்கி, தேவையான படங்களின் எண்களை ஊழியரோடு உட்கார்ந்து நிரப்பிவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

மேற்கோள் குறிப்பில் தொகுப்பின் முழுப்பெயர், நூலகத்தின் பெயர், பெட்டி, கோப்புறை, பதிவின் தேதி ஆகியவற்றோடு, அது 1860-களின் குறிப்பா, 1870-களின் வரைவா, 1880-களின் படியா என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். விருப்பமான நடை எது என்று நூலகமே தன் விவரப்பட்டியலில் சொல்லியிருக்கும்; அதையே பின்பற்றி, அடுக்கின் ஆண்டை மட்டும் இறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.